வரிப்பணமும் விளையாட்டரங்கமும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எமக்கு அளித்த தலைப்பு 'விளையாட்டும் சமுதாயமும்' என்பதாகும். விளையாட்டின் பெருமையைப் பேசுதற்கு இம்மேடையில் எம்மினும் தகுதியுடையோர் பலர் உளர். ஆகவே நாம் அதன் கணக்குப் பக்கத்தைச் சற்றே புரட்டிப் பார்க்கலாம் எனக் கருதினோம். தனியார் ஒருவர் வணிகமாக நடத்தும் விளையாட்டுக்கு, மக்களின் வரிப்பணத்தைக் கொண்டு அரங்கம் கட்டித் தருதல் தகுமா? அப்படிக் கட்டித் தந்த ஊர்கள் பெற்றது என்ன, இழந்தது என்ன? இக்கேள்விக்கு விடை காண நாம் செல்ல வேண்டிய இடம் அமெரிக்க ஐக்கிய நாடுகள். அங்கு எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக இது நடந்துவருகிறது. கணக்கும் எழுதப்பட்டுக் கண்முன் கிடக்கிறது.

'எங்கோ கிடக்கும் அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு ஐயா?' என்று இளைஞர் ஒருவர் கேட்கக்கூடும். அண்ணல் அம்பேத்கர் 1913-ஆம் ஆண்டு முதல் 1916-ஆம் ஆண்டு வரை நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார் என்பதை நாம் அறிவோம். ஆங்கு அவர் முனைவர் பட்டத்திற்கு எடுத்துக்கொண்ட பொருள் சட்டமன்று, சமயமன்று. பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதி வளர்ந்த வரலாறு. பொதுப்பணம் யாரிடமிருந்து வந்தது, யாருக்காகச் செலவாயிற்று என்னும் ஆராய்ச்சி. அது 1925-இல் நூலாக வெளிவந்தபோது அவருடைய ஆசிரியர் செலிக்மன் முன்னுரை வழங்கினார். அண்ணலைச் சட்டமேதை என்று அறிந்த அளவுக்குப் பொதுநிதி அறிஞர் என்று நம்மவர் அறிந்திலர். 1946-இல் அவர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் தலைவர்களுள் ஒருவரான டுபாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதினார். அம்மக்களின் நிலையும் நம் நிலையும் ஒத்திருப்பதை அதில் குறிப்பிட்டார். ஆகவே அமெரிக்காவின் கணக்கேட்டைப் புரட்டுவதும், அதில் கறுப்பின மக்களின் பக்கத்தைத் தேடுவதும் நமக்குப் புதியன அல்ல.

ஓர் அணியின் கதையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டம் நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி போன்றது. மட்டையும் உண்டு, பந்தும் உண்டு, ஓட்டமும் உண்டு. அதில் 'பிரேவ்ஸ்' என்றோர் அணி. பாஸ்டன் நகரில் இருந்தது. கூட்டம் குறைந்து நட்டம் கண்டது. அந்நேரம் மில்வாக்கி என்னும் வேறோர் ஊர், உயர்நிலை லீக் அணி ஏதும் கைவசம் இல்லாத நிலையிலேயே, பொதுப்பணத்தில் ஓர் அரங்கம் எழுப்பி வைத்துக் காத்திருந்தது. 1953-இல் பிரேவ்ஸ் அங்கே குடிபெயர்ந்தது. முதல் ஆண்டிலேயே பதினெட்டு லட்சம் பேர் வந்து பார்த்தனர். 1957-இல் அணி நாட்டின் பெருங்கோப்பையையும் வென்றது. ஊரார் தலைமேல் வைத்துக் கொண்டாடினர்.

ஒன்றை இங்கே மனத்தில் இருத்த வேண்டும். அணி ஊரின் பெயரைத் தாங்கியிருப்பினும் ஊருக்குச் சொந்தமன்று. அஃது ஒரு முதலாளியின் உடைமை. 1962-இல் அணி கைமாறியது. புதிய உரிமையாளர்கள் வேற்றூரார். அட்லாண்டா நகரம் அதைவிடப் புதிய அரங்கத்துடன் கைதட்டி அழைத்தது. 1966-இல் அணி போய்விட்டது. பதின்மூன்று ஆண்டுக் கொண்டாட்டத்திற்குப் பின் மில்வாக்கியின் கையில் எஞ்சியது வெற்று அரங்கம்.

பின்பு மில்வாக்கி என்ன செய்தது? தன் அணி போன துயரம் ஆறுமுன், 1970-இல் சியாட்டில் நகரின் அணியை அது தன்பால் இழுத்துக்கொண்டது. சியாட்டில் அணிக்கு வயது ஒன்றே. அதுவும் பணமுடை வந்து நொடித்துப் போயிருந்தது. சியாட்டில் தரப்பினர் வழக்குத் தொடுத்தனர். அதன் பயனாய் வேறோர் அணியைப் பெற்றனர். அவ்வூரில் 1976-இல் 'கிங்டோம்' என்னும் மாபெரும் கூரையரங்கம் பொதுப்பணத்தில் திறக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் அதை வெடிவைத்துத் தகர்த்தனர். அதன்பேரில் வாங்கிய கடன் தீர்ந்த ஆண்டு எது தெரியுமா? 2015. கட்டடம் புழுதியாகிப் பதினைந்து ஆண்டுகள் வரை அங்குள்ள மக்கள் இல்லாத அரங்கத்திற்குத் தவணை கட்டினர். மாடு செத்த பின்னும் மாட்டுக்கடன் கட்டும் நம் ஊர்க் குடியானவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

ஏன் ஊர்கள் இப்படிப் போட்டியிடுகின்றன? அந்நாட்டுத் தொழில்முறை விளையாட்டு, திறந்த சந்தை அன்று. பேஸ்பால் உயர்நிலை லீக்கில் இன்று முப்பதே அணிகள். புதிய அணி ஒன்றைச் சேர்ப்பதா வேண்டாவா என்பதை இருக்கும் முதலாளிகளே தீர்மானிப்பர். 1922-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், வணிக ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டம் பேஸ்பாலுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்ததும் அவர்களுக்குத் துணையாயிற்று. அணிகள் சில, கேட்கும் ஊர்கள் பல. ஒரு காணி நிலத்திற்கு நான்கு பேர் குத்தகை கேட்டு நின்றால் பண்ணையார் பேரம் பேச வேண்டியதே இல்லை. சும்மா இருந்தாலே குத்தகை ஏறும். 'அரங்கம் கட்டித் தருகிறாயா, நான் பக்கத்து ஊருக்குப் போகட்டுமா' என்னும் ஒரு வாக்கியத்திலேயே அம்முதலாளிகளின் தொழில் திறமை அனைத்தும் அடங்கியிருக்கிறது.

இனி அட்லாண்டாவுக்கு வருவோம். அங்குதான் நம் நெஞ்சில் தைக்கும் பகுதி உள்ளது.

அரங்கம் எழுந்த இடம் காலி நிலமன்று. காலி செய்யப்பட்ட நிலம். நகரின் மையத்திற்குத் தெற்கே, வாஷிங்டன்-ராசன், சம்மர்ஹில் என்னும் பகுதிகளில் பெரும்பாலும் கறுப்பின மக்கள் குடியிருந்தனர். 'நகரச் சீரமைப்பு' என்னும் பெயரால் அங்கு வீடுகள் இடிக்கப்பட்டன; விரைவுச் சாலைகள் குறுக்கே போடப்பட்டன. இடித்த நிலத்தில் ஓராண்டுக்குள், ஒரு கோடியே எண்பது லட்சம் டாலர் செலவில், 1965-இல் அரங்கம் எழுந்தது. நமக்குச் சொந்தமில்லாத நிலத்தில், நம் கையில் இல்லாத பணத்தில், நமக்கு இன்னும் கிடைக்காத அணிக்காகக் கட்டினோம் என்னும் பொருள்பட நகர மேயர் ஐவன் ஆலன் பெருமிதமாய்ச் சொல்லிக்கொண்டார். அவரைக் கொடியவர் என்று எண்ணிவிட வேண்டா. பொது இடங்களில் நிறவேற்றுமை கூடாது என்னும் சட்டத்திற்கு ஆதரவாக 1963-இல் நாடாளுமன்றக் குழுவின் முன் சென்று சாட்சியம் சொன்ன தென்மாநில வெள்ளையர் அவர். நல்லவர் கையாலும் சேரி இடியும் என்பதற்காகவே அவரைச் சொன்னோம்.

அரங்கில் அணி ஆடத் தொடங்கிய அதே 1966-ஆம் ஆண்டு செப்டம்பரில், சில தெருக்கள் தள்ளிச் சம்மர்ஹில்லில், காவலர் ஒருவர் கறுப்பின இளைஞர் ஒருவரைச் சுட்டதையொட்டிக் கலவரம் மூண்டது. மேயர் காவல் வண்டியின் கூரைமேல் ஏறி நின்று அமைதி வேண்டினார். கூட்டம் அவ்வண்டியையே ஆட்டிக் குலுக்கியது.

அந்த அரங்கில்தான் ஹாங்க் ஆரன் ஆடினார். அலபாமா மாநிலத்தின் மொபீல் ஊரில் எளிய கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். மில்வாக்கியில் இருந்த அணி நிறவெறி மிகுந்த தென்மாநிலத்திற்குப் பெயர்ந்தபோது அவர் உள்ளம் கலங்கினார். பேப் ரூத் என்னும் வெள்ளை வீரரின் சாதனையை ஒரு கறுப்பர் முறியடிப்பதா என்று அவருக்குக் கொலை மிரட்டல் கடிதங்கள் குவிந்தன. 1974-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள், அவ்வரங்கில் தம் 715-ஆவது 'ஹோம் ரன்' அடித்து அச்சாதனையை அவர் முறியடித்தார். அந்த இரவின் பெருமையை நாம் குறைத்துப் பேசோம். ஒடுக்கப்பட்ட மனிதன் ஒருவன் ஐம்பதாயிரம் பேர் நடுவே தலைநிமிர்ந்து ஓடிய காட்சி அது. ஆயினும் அவர் ஓடிய மண்ணுக்கடியில் அவரைப் போன்றவர்களின் வீட்டு அடித்தளங்கள் கிடந்தன என்பதும் உண்மையே. விளையாட்டின் பெருமையை ஒரு கையிலும் அரங்கத்தின் கணக்கை ஒரு கையிலும் பிடித்தல் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்க விடலாகாது.

பின்னர் 1996-இல் ஒலிம்பிக் போட்டி அட்லாண்டாவுக்கு வந்தது. பழைய அரங்கை ஒட்டியே புதிய ஒலிம்பிக் அரங்கம் எழுந்தது. போட்டி முடிந்ததும் அதை மாற்றியமைத்துப் பிரேவ்ஸ் அணிக்கு வழங்கினர். பழைய அரங்கை 1997-இல் தகர்த்து வண்டி நிறுத்துமிடமாக்கினர். ஆரனின் பந்து கடந்து சென்ற இடத்தில் வேலிச்சுவரின் ஒரு துண்டை மட்டும் நினைவுக்காக நிறுத்திவைத்தனர். அரங்கம் வந்தால் பகுதி செழிக்கும், கடைகள் வரும், வேலை வரும் என்று சம்மர்ஹில் மக்களிடம் சொல்லப்பட்டு அப்போது முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. வந்தவை ஆட்ட நாளில் வண்டிகள். மற்ற நாளில் வெற்றுத் தார்த்தரை.

இருபது ஆண்டுகளில் அணி மீண்டும் மூட்டை கட்டியது. 2013-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள், நகருக்கு வடமேற்கே உள்ள காப் கவுண்டிக்குப் போகிறோம் என்று அறிவித்தனர். கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றதோர் ஆட்சிப் பிரிவு. ஏறத்தாழ முப்பது கோடி டாலர் பொதுப்பணம் தர அதன் ஆட்சிக் குழு நவம்பர் 26-ஆம் நாள் நாலுக்கு ஒன்று என்று முடிவு செய்தது. இடையே பதினைந்தே நாள்கள். மக்களிடம் வாக்கெடுப்பு இல்லை. நம் பள்ளிக்கு ஒரு கழிப்பறைக் கதவு மாற்ற எழுதிய கோப்பு பதினைந்து நாளில் ஒரு மேசையைத் தாண்டியதாக நமக்கு நினைவில்லை!

அணி ஏன் வடக்கே போயிற்று? நுழைவுச்சீட்டு வாங்குவோர் எங்கெங்கு வாழ்கின்றனர் என்று ஒரு வரைபடத்தை அணியே வெளியிட்டது. புள்ளிகள் வடபுறநகரில் அடர்ந்து கிடந்தன. வசதி படைத்தோரும் வெள்ளையரும் மிகுதியாக வாழும் பகுதி அது. இன்னொன்றும் உண்டு. பழைய அரங்கம் திறந்த அதே 1965-இல், அட்லாண்டாப் பகுதிப் பொதுப் போக்குவரத்து அமைப்பில் சேர்கிறீர்களா என்று காப் கவுண்டி வாக்காளரைக் கேட்டபோது அவர்கள் மறுத்தனர். கறுப்பின மக்கள் தம் பக்கம் வந்துவிடுவர் என்னும் அச்சமும் அம்மறுப்புக்கு ஒரு காரணம் என்பர் வரலாற்றாசிரியர். இன்றும் அந்நகர ரயில் புதிய அரங்கத்திற்குச் செல்வதில்லை. கார் உள்ளவர்க்கே அரங்கம் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது.

பழைய இடத்தை ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகமும் கட்டட நிறுவனமொன்றும் 2017-இல் வாங்கின. இம்முறையேனும் எங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை எழுத்தில் தாருங்கள் என்று கோரி, அக்கம்பக்கத்துக் குடியிருப்போர் அரங்கின் அருகே கூடாரமடித்துத் தங்கினர். வாய்ச்சொல்லில் ஐம்பது ஆண்டு ஏமாந்தவர்கள் எழுத்தைக் கேட்டதில் வியப்பென்ன?

'ஆயினும், அரங்கம் வந்தால் ஊரில் வாணிகம் பெருகாதா? ஆயிரம் பேருக்கு வேலை கிடைக்காதா?' என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி. பொருளியலார் இதை ஊன்றி ஆராய்ந்துள்ளனர். ரோஜர் நால், ஆண்ட்ரூ சிம்பலிஸ்ட் ஆகியோர் 1997-இல் புரூக்கிங்ஸ் நிறுவனத்தின் வழி வெளியிட்ட தொகுப்பு முதல், பிராட்பரி, கோட்ஸ், ஹம்ஃப்ரீஸ் ஆகிய மூவரும் அண்மையில் செய்த விரிவான மதிப்பாய்வு வரை, பெரும்பாலோர் கண்ட முடிவு ஒன்றே. ஊர் போட்ட பணத்திற்கு ஈடான வருவாய் ஊருக்குத் திரும்புவதில்லை. பிராட்பரி என்பவர் அந்தக் காப் கவுண்டியிலேயே உள்ள பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியர். தம் வாசலில் நின்றே அவர் கணக்குப் பார்த்திருக்கிறார்.

காரணம் எளிது. ஒரு குடும்பம் மாதத்தில் பொழுதுபோக்கிற்கென ஒதுக்கும் தொகை அளவானது. அதை அரங்கில் செலவிட்டால் சினிமாவுக்கும் உணவு விடுதிக்கும் போகாது. அரங்கின் வாயிலில் கூட்டம் நெரிவதை நாம் காண்கிறோம். நாலு தெரு தள்ளி ஈயோட்டும் கடையை நாம் காண்பதில்லை. ஒரு குடத்து நீரை இன்னொரு குடத்தில் ஊற்றிவிட்டு ஊற்றுக் கண்டோம் என்பது போன்றது அது. வேலையின் கதையும் அவ்வாறே. பேஸ்பால் அணி ஓராண்டில் தன் ஊரில் ஆடுவது 81 ஆட்டம். கடலை விற்பவர்க்கும், வாயில் காப்பவர்க்கும், பெருக்கித் துடைப்பவர்க்கும் அந்நாள்களில் மட்டுமே கூலி. பெரும்பணம் பெறும் ஆட்டக்காரரும் முதலாளியும் அதை அவ்வூரிலேயே செலவிடுவர் என்பதற்கு உறுதி இல்லை.

பணம் எப்படித் திரட்டப்படுகிறது என்பதையும் இளைஞர்கள் அறிய வேண்டும். உள்ளூராட்சி கடன் பத்திரம் வெளியிடும். அதன் வட்டிக்கு நடுவண் அரசு வருமான வரி கேட்பதில்லை. ஆகவே அரங்கைக் கண்ணாலும் காணாத வேறு மாநிலத்தான் வரியும் அதில் கலந்துவிடுகிறது. 2000-க்குப் பின் கட்டிய அரங்கங்களில் 36-க்கு இவ்வழியில் நடுவண் கருவூலம் இழந்தது 320 கோடி டாலர் என்று புரூக்கிங்ஸ் 2016-இல் கணக்கிட்டது. கடனை அடைக்கப் பலவிடங்களில் விற்பனை வரியைக் கூட்டுவர். மில்வாக்கியையே பாருங்கள். அங்கு ஐந்து கவுண்டிகளில் நூறு டாலருக்குப் பத்து சென்ட் வீதம் வரி விதித்து இரண்டாம் அரங்கம் கட்டத் திட்டமிட்டனர். 1995-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் விடியற்காலையில், மாநில மேலவை உறுப்பினர் ஜார்ஜ் பெட்டக் தம் வாக்கை மாற்றிப் போட, 16-க்கு 15 என்று சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டே அவர் தொகுதி மக்கள் அவரைத் திருப்பியழைத்துப் பதவியிலிருந்து நீக்கினர். ஆனால் வரி நின்றதா? 1996-இல் தொடங்கி 2020 வரை நடந்தது. அறுபது கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. சட்டையும் செருப்பும் சோப்பும் வாங்கிய ஏழையும் அதில் தன் பங்கைச் செலுத்தினான். ஆட்டத்தை ஒருநாளும் பாராதவனும் செலுத்தினான். அவ்வரங்கக் கட்டுமானத்தில் 1999-இல் பாரந்தூக்கி சரிந்து இரும்புத் தொழிலாளர் மூவர் மாண்டனர். வரி நின்று மூன்றாண்டு கழிந்த 2023-இல், அரங்கைப் புதுப்பிக்க இன்னும் ஐம்பது கோடி டாலர் பொதுப்பணம் தர மாநிலம் சட்டம் இயற்றியது.

நேரடியாகப் பணம் தராமல் நிலத்தைத் தருவதும் உண்டு. அதற்கு லாஸ் ஏஞ்சலஸ் நகரம் சான்று. அந்நகரின் சாவேஸ் ரவீன் என்னும் மேட்டுப் பகுதியில் பாலோ வெர்டே, லா லோமா, பிஷப் என்று மூன்று குடியிருப்புகள் இருந்தன. வாழ்ந்தவர் பெரும்பாலும் மெக்சிக்க வழிவந்த எளிய மக்கள். வேறிடங்களில் வீடு வாங்க விடாத இனவேற்றுமையால் அங்கு ஒண்டியவர் பலர். தோட்டம் போட்டு, ஆடு கோழி வளர்த்து, கோயிலும் பள்ளியும் உடைய சிற்றூராக வாழ்ந்தனர். 1950-இல் அவர்களுக்கு வீட்டுவசதித் துறையிலிருந்து கடிதம் வந்தது. இங்கே பொதுக் குடியிருப்பு கட்டப் போகிறோம், நிலத்தை விற்றுவிடுங்கள், புதிய வீடுகளில் உங்களுக்கே முதலிடம் என்றது கடிதம். நல்ல நோக்கம்தான். நம்பிப் பெரும்பாலோர் வெளியேறினர். ஆனால் பொதுக் குடியிருப்பு என்பதே பொதுவுடைமைச் சூழ்ச்சி என்று பரப்புரை எழுந்தது. 1953-இல் அதை எதிர்த்த நாரிஸ் போல்சன் மேயரானார். திட்டம் கைவிடப்பட்டது. பொதுநோக்கத்திற்கே பயன்படுத்த வேண்டும் என்னும் விதியுடன் நிலம் நகரத்தின் கைக்கு வந்தது.

அந்தப் பொதுநோக்கம் எதுவாயிற்று? நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து டாட்ஜர்ஸ் அணியை அழைத்துவந்த முதலாளி வால்டர் ஓமாலிக்கு ஏறத்தாழ முந்நூறு ஏக்கர் நிலம் தருவது. 1958-இல் நடந்த பொது வாக்கெடுப்பில் அது நூலிழையில் வென்றது. வீட்டை விடாமல் நின்ற சில குடும்பங்களை 1959-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள் காவலர் இழுத்து வெளியேற்றினர். ஒரு பெண்ணைக் கை கால் பற்றித் தூக்கிச் சென்ற படம் செய்தித்தாள்களில் வந்தது. அரேச்சிகா குடும்பத்தினர் இடிந்த வீட்டருகே கூடாரம் போட்டுச் சில நாள் தங்கினர். 1962-ஆம் ஆண்டு ஏப்ரலில் அரங்கம் திறந்தது. கட்டுமானச் செலவு ஓமாலியுடையது என்பதால் இதைத் தனியார் அரங்கம் என்று புகழ்வோர் உண்டு. நிலம் யாருடையது என்று அவர்கள் கேட்பதில்லை.

பாலோ வெர்டே தொடக்கப்பள்ளியின் கதையைச் சொல்லாமல் மேலே செல்ல எமக்கு மனம் வரவில்லை. அப்பள்ளியை இடித்து அகற்றக்கூட இல்லை. கூரையை எடுத்துவிட்டு, வகுப்பறைகளில் மண்ணை நிரப்பி, அப்படியே புதைத்து மேலே சமன்படுத்தினர். இன்று அதன்மேல் கார்கள் நிற்கின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகை முன் நின்ற எமக்கு, அந்த மண்ணுக்குள் கரும்பலகை எந்தச் சுவரில் இருந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இந்த டாட்ஜர்ஸ் அணிதான் 1947-இல், புரூக்ளினில் இருந்தபோது, ஜாக்கி ராபின்சனைக் களமிறக்கி, பேஸ்பாலில் அரை நூற்றாண்டாய் இருந்த நிறத்தடையை உடைத்தது. ஆகவே விளையாட்டு நமக்குப் பகையன்று. கதவு திறப்பதும் அதுவே, கதவை அடைப்பதும் அதன் பெயரால்தான். நம் பிள்ளைகளுக்குத் திடல் வேண்டும், ஓடுதளம் வேண்டும், பயிற்றுநர் வேண்டும். அவற்றுக்குப் பொதுப்பணம் செலவானால் அது கல்விச் செலவே. கட்டணம் வாங்கி ஆடும் வணிக அணிக்கு மாளிகை கட்டுவது வேறு. வெறுங்காலுடன் ஓடும் சிறுவனுக்குக் கல் பொறுக்கிய தரை தருவது வேறு. இரண்டையும் 'விளையாட்டு வளர்ச்சி' என்னும் ஒரே தலைப்பின்கீழ் எழுதும் பழக்கம் எல்லா நாட்டு அலுவலகங்களிலும் உண்டு போலும்.

மறுத்த ஊர்களும் உள. சான் பிரான்சிஸ்கோவின் ஜயண்ட்ஸ் அணி, 1987, 1989, 1990, 1992 ஆகிய ஆண்டுகளில் நான்கு முறை அந்நகரிலும் அண்டைப் பகுதிகளிலும் வாக்காளரிடம் கையேந்தியது. நான்கு முறையும் மக்கள் முடியாது என்றனர். அணி ஓடிவிட்டதா? இல்லை. பெரும்பாலும் தனியார் பணத்திலேயே அரங்கம் கட்டி 2000-இல் திறந்தது. 2024 ஏப்ரலில் கான்சஸ் சிட்டி அமைந்த ஜாக்சன் கவுண்டியில் இரு அணிகளுக்கான விற்பனை வரியை வாக்காளர் தோற்கடித்தனர். உடனே எல்லைக்கு அப்பால் இருந்த கான்சஸ் மாநிலம், அரங்கச் செலவில் எழுபது விழுக்காடு வரை உதவ வழிசெய்து அதே ஆண்டு ஜூனில் சட்டம் இயற்றி வலைவீசியது! பண்ணையார் கதை மறக்கவில்லையே? கிரீன் பே என்னும் சிற்றூரின் கால்பந்து அணியோ 1923 முதல் பொதுமக்களின் உடைமை. இன்று ஐந்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் பங்குதாரர். எவருக்கும் ஈவுத்தொகை இல்லை. அவ்வூரும் அரங்கைப் புதுப்பிக்க 2000-இல் விற்பனை வரிக்கு வாக்களித்தது. ஆனால் அந்த அணி எங்கும் ஓடிப்போகாது. இனி வேறெந்த ஊரும் இவ்வாறு அணியை உடைமையாக்கிக்கொள்ளலாகாது என்பது அந்த லீக்கின் விதி. ஏன் என்பதை விளக்க வேண்டுமா?

இறுதியாக, ஆசிரியர் இனத்தைச் சார்ந்த ஒரு செய்தி. ஓக்லாண்டு நகரின் பேஸ்பால் அணியைத் தம் ஊருக்கு வரவழைக்க, நெவாடா மாநிலம் 2023 ஜூனில் சிறப்புக் கூட்டத்தொடர் கூட்டி 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தரச் சட்டம் செய்தது. லாஸ் வேகாஸ் நகரில் அரங்கம். அம்மாநில ஆசிரியர் சங்கத்தினர் வாளாவிருக்கவில்லை. அரங்கங்களுக்கு முன் பள்ளிகள் என்னும் பொருள்படப் பெயரிட்டு ஒரு குழு அமைத்தனர். மாணவர் மிகுந்த வகுப்பறைகளையும் ஆசிரியர் பற்றாக்குறையையும் எடுத்துக்காட்டி, இச்சட்டத்தை மக்களின் வாக்குக்கு விடுக என்று மனு முன்வைத்தனர். எதிர்த்தரப்பு நீதிமன்றம் சென்றது. மனுத்தாளில் சட்டத்தின் முழு வாசகமும் இணைக்கப்படவில்லை என்னும் காரணத்தால் 2024 மே மாதத்தில் மாநில உச்சநீதிமன்றம் அதனைத் தள்ளியது. மக்கள் வாக்களிக்கும் வாய்ப்பு அத்துடன் போயிற்று. 2025 ஜூனில் அரங்கத்திற்கு நிலம் தோண்டும் விழா நடந்தது.

நம் சங்க நூலகத்தில் அண்ணலின் மாகாண நிதி நூல் இருக்கிறது. இவ்விருபத்தைந்து ஆண்டுகளில் அதை எடுத்துச் சென்றவர் பெயர்ப் பட்டியல் நீளமானதன்று. நாளை மாலை முதல், விருப்பமுள்ள இளைஞர்களுடன் வாரந்தோறும் அமர்ந்து அதைப் படிக்க நாம் அணியமாயிருக்கிறோம்.